சிவப்பு காய்ந்துவிட்டதா?

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் தானாக முளைத்ததல்ல. ஒரு பெண்மணி, "எனக்கு நேரா சொல்லாதீங்க சார், கதையா எழுதிருங்க" என்று கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். எதை நேராகச் சொல்லக் கூடாது, ஏன் கதையாக்க வேண்டும் என்பதெல்லாம் ஏழாம் பகுதியில் வருகிறது. இப்போதே அங்கே தாவிப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வருகிறவர்களை நான் தடுக்க முடியாது. புத்தகக் கடையில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நானும் வாங்குவேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) கசகசாச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி உண்டு. அவளுக்குச் சமையலறையில் வேலை கிடையாது, வயலில் சிவப்பாகச் சிரித்துக்கொண்டு நிற்பதுதான் அவள்

[இங்கேயே விட்டுவிட்டேன். பூவைப் பெண்ணாக்கினால் அடுத்த வரியில் காற்று ஆணாகிவிடும். அப்புறம் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.]

(ஆ) இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள், வெளிச்சம் மாறுவதற்குள் வரைந்துவிட வேண்டும் என்று சாயக் குழாய்களைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே போய் உட்கார்ந்தவர்கள். இதழ், காம்பு, மகரந்தம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே ஒரு பூவுக்கு ஒரு தீற்றல். கிட்டப் போனால் வெறும் சாயம், தள்ளி நின்றால் பூ வயல். இந்த இரண்டுக்கும் நடுவே சரியாக எந்த இடத்தில் சாயம் பூவாகிறது என்பதே

[இது ஒரு பத்திரிகைக்கு நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட கட்டுரையின் தொடக்கம். ஆழம் தெரியாமல் காலை விட்டது. பூ வயல் ஓவியங்களின் அழகைப் பற்றி ஆறு பக்கம் கேட்டார்கள். கதைக்கும் இது தேவைப்படும் என்பதால் அடிக்காமல் விட்டு வைத்திருக்கிறேன்.]

(இ) "சார், ரெண்டடி பின்னாடி போங்க."

இதுதான் சரி. இங்கிருந்தே தொடங்கலாம்.

3

"சார், ரெண்டடி பின்னாடி போங்க."

சொன்னவர் அந்த ஓவியக் காட்சிக்கூடத்தின் மாடியில், கடைசி அறையின் பெண் காவலர். கறுப்புக் காற்சட்டை, கறுப்பு மேலுடை, நெஞ்சில் ஓர் அட்டை, காலில் மட்டும் யாருக்கும் கேட்காத மெத்தென்ற செருப்பு. உட்கார ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாளொன்றுக்கு முந்நூறு பேரிடமாவது இதே வாக்கியத்தைச் சொல்வதால் கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரெண்டடி. அது அவருக்கும் தெரியும், கோபமில்லை.

நான் கட்டுரைக்காகச் செவ்வாய்க்கிழமைகளில் போவேன். அன்று கூட்டம் இருக்காது. அந்த அறையில் ஒரே ஒரு பெரிய படம், மற்றவை பொடிசு. பெரியதில் முன்புறம் முழுக்கச் சிவப்புப் பூக்கள், நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை, அதற்கும் பின்னால் சாம்பல் நிறக் கூரை ஒன்று. மனிதர் யாரும் இல்லை. கண்ணாடியும் போடவில்லை, போட்டால் வெளிச்சம் பட்டுப் பளபளத்துப் படம் கெட்டுவிடுமாம். முதல் நாள் நான் ஒரு முழ தூரம் வரை மூக்கை நீட்டிக்கொண்டு போய் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டடி பின்னால் போனதும் பார்த்தால், சிவப்புத் திட்டெல்லாம் ஒரே சமயத்தில் பூத்தது. வாய்விட்டு "ஆ!" என்றுவிட்டேன். வயதான மனிதன் பொது இடத்தில் போடக்கூடிய சத்தமல்ல அது.

அவர் சிரித்தார்.

"எல்லாருக்கும் ஒரே இடம் இல்ல சார். தரையில பலகை தெரியுதா? நிறைய பேருக்கு நாலாவது பலகைல பூ வந்துரும். கண்ணாடி போட்டவங்களுக்கு அஞ்சாவது. சின்னப் பசங்களுக்கு எங்க நின்னாலும் பூதான்."

"உங்களுக்கு?"

"எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னாலும் தெரியும்."

காலை பத்து மணிச் சிவப்பு வேறு, மூன்று மணிச் சிவப்பு வேறு என்று சொன்னதும் அவர்தான். கூரையில் இருக்கும் பால்நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்குகிறது. மேகம் வந்தால் வயலிலும் மேகம் வரும். "மழை நாள்ல பாருங்க, அந்த ஊதா முன்னாடி வந்து நிக்கும்" என்றார். நான் குறித்துக்கொண்டேன். என் கட்டுரையில் உருப்படியாக இருந்த வரிகள் எல்லாம் அவருடையவை.*

(* என் தங்கை இந்த இடத்தில் ஓரத்தில் எழுதியிருப்பது: "அண்ணா, அப்ப கட்டுரைக்கு அவங்க பேரையே போட்டிருக்கலாமே?" இவள்தான் என் கைப்பிரதிகளின் முதல் வாசகி. பள்ளியில் கணக்கு ஆசிரியை. சிவப்பு மை பழக்கதோஷம்.)

4

அடுத்து வர வேண்டியவர் அவர் கணவர். இவரைப் பற்றி எனக்குப் பெரிய சந்தேகம் இருந்தது. அவர் இருந்தாரா என்பதல்ல, கதையில் நிற்பாரா என்பது. முதல் பிரதியில் அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று அவரைப் பேருந்து ஓட்டுநராக்கினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடந்த தவறை ஒரு பேருந்து ஓட்டுநர் செய்யவே மாட்டார். ரொட்டி சுடுபவராக மாற்றினேன். அவர் முகர்ந்து பார்ப்பாரே தவிர வேறொன்றும் செய்ய மாட்டார். கடைசியில் தோற்றுப்போய் அவர் தொழிலையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்.

"பதினோரு வருஷமா கூப்பிடுறேன் சார், ஒரு தடவை வந்து பாருங்கன்னு. என்ன சொல்வாரு தெரியுமா? நாள் பூரா சுவத்தப் பாத்துட்டு வர்றவன், லீவு நாள்லயும் சுவத்தப் பாக்கவா வருவேன்னு."

ரெண்டடி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்ன கையோடு அறையின் மறுமூலைக்குப் போய்விட்டார். ஒருவர் தினமும் எட்டு மணி நேரம் பார்த்து மகிழும் ஒன்றை, கூட வாழ்பவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் வலிக்காதா? வலிக்கும். நான் எழுதிய எதையும் படிக்காத உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள்.

கணவரைப் பற்றி ரெண்டடி இன்னொன்றும் சொல்லியிருந்தார். சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவர் உள்ளங்கையால் தொட மாட்டார். ரேகை பதிந்துவிடும். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முதுகால் மெல்ல ஒற்றிப் பார்ப்பார். முப்பது வருடப் பழக்கம். உறவினர் வீட்டுக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும், ஈரமாக இருக்குமோ என்று தோன்றிவிட்டால் பேச்சு நடுவிலேயே அந்த விரல் தானாக எழுந்துவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அந்த வகை.

5

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. காட்சிக்கூடத்தின் கீழ்ப் படிக்கட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கும் வேலை அவருக்கே வந்தது. போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய உணவு நேரம். மனைவி பிடித்த பிடியில் மாடிக்கு வந்தார். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, காதோரம் சுவர் தேய்த்த பட்டித் தூள், பையில் மடித்த உப்புத்தாள். அறையில் அவர், அவர் மனைவி, நான். வேறு யாரும் இல்லை. என்னை "எழுத்தாளரு" என்று ரெண்டடி அறிமுகம் செய்து வைத்தார். அவர் கும்பிட்டுவிட்டு நேராகப் படத்தின் கீழ் மூலைக்குப் போனார்.

"இங்க விட்டுப்போச்சே."

"எங்க?" என்றேன்.

"இந்தா, கட்டைவிரல் அகலத்துக்கு. பிரைமர்கூட இல்ல, துணி தெரியுது. சட்டம் போட்டா மறைஞ்சுரும்னு நெனச்சிருப்பான். இதையே நான் செஞ்சா வீட்டுக்காரங்க விடுவாங்களா?"

"அவர் அவசரத்தில் வரைந்தார் அண்ணே. வெளிச்சம் போய்விடும் என்று" என்று நான் கட்டுரையை எடுத்துவிட்டேன்.

"எங்களுக்கும் வெளிச்சம் போகத்தான் சார் செய்யுது."

"என்னங்க, ரெண்டடி பின்னாடி வாங்க" என்றார் மனைவி. குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது.

அவர் பின்னால் வந்தார். நான்காம் பலகை. ஐந்தாம் பலகை. கண்ணைப் பாதி மூடினார்.

"சார், இப்படிப் பாதி மூடிப் பாருங்க. ஷேடு சேருதான்னு நாங்க இப்படித்தான் பாப்போம். முழுசா தொறந்தா புள்ளியெல்லாம் வந்து கண்ணைக் குத்தும்."

மூடிப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்தது படமே அல்ல. கூரை, கோடு, ஓரம் எல்லாம் கரைந்துபோய்ச் சிவப்பு மட்டும் அசைந்தது. யாரோ இப்போதுதான் வரைந்து முடித்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார் என்று நம்பலாம் போல இருந்தது. ஆறு பக்கத்தில் நான் சொல்லத் திணறியதை ஒரு பெயின்டர் ஒரு வரியில் கற்றுக்கொடுத்துவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் ரெண்டடி வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் முன்னால் நடந்த மாதிரி இருந்தது. கை

[இந்த வாக்கியத்தைப் பதினான்கு முறை எழுதிவிட்டேன். "கை எழுந்தது." "கை நீண்டது." "கை படத்தை" என்று தொடங்கி நிறுத்தியது நான்கு முறை. என் கண் பாதி மூடியிருந்தது. பழுப்பு நிறத் திட்டு ஒன்று சிவப்புத் திட்டை நோக்கிப் போனதைப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் கண்ணைப் பாதி மூடினால் எல்லாத் திட்டும் எல்லாத் திட்டோடும் சேர்ந்துதான் தெரியும். அந்தப் படத்தின் சூட்சுமமே அதுதானே.]

பீப்.

6

சட்டத்துக்கு மேலே ஒரு சிறு கருவி இருக்கிறது. ஒரு சாண் தூரத்துக்குள் எது வந்தாலும் கத்தும். தொட்டாலும் அதே கத்தல், தொடாவிட்டாலும் அதே கத்தல்.

இரண்டு நிமிடத்தில் மேற்பார்வையாளர் வந்தார். இடுப்பில் சாவிகள் குலுங்கும் என்பதால் சாவிக்கொத்து என்று இவரைச் சொல்கிறார்கள். பொல்லாதவர் அல்ல. படத்தைக் கைவிளக்கடித்துப் பார்த்தார், தடயம் எதுவும் இல்லை. பெயின்டரைப் பார்த்தார், ரெண்டடியைப் பார்த்தார். இருவரும் கணவன் மனைவி என்பது அவருக்குத் தெரியும்.

"தொட்டீங்களா?"

"இல்லீங்க."

"நீங்க பாத்தீங்களாம்மா?"

ரெண்டடி பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான் திரும்பி நின்னேன் சார். வாசல் பக்கம்."

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் பார்வையாளருக்கு முதுகு காட்டியதில்லையாம். அறிக்கைப் படிவத்தில் "காவலர் கவனிக்கத் தவறியதற்குக் காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் அதில் ஒரே ஒரு சொல் எழுதினார்: "கணவர்."

சாவிக்கொத்து என் பக்கம் திரும்பினார். "சார், நீங்கதான் சாட்சி. விதி என்னன்னா, தொட்டது உறுதியாச்சுன்னா அந்த ரூம் காவலரைக் கீழ பை வாங்கி வைக்கிற கவுன்டருக்கு மாத்திருவோம். திரும்ப மாடிக்கு வர முடியாது. தொடலைன்னா ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிரும். நிதானமா யோசிச்சு எழுதுங்க. வெள்ளிக்கிழமை கோப்பை மூடிருவேன், மூடின கோப்பைத் திரும்பத் திறக்கிறது எங்ககிட்ட கிடையாது."

படிவத்தில் என் பகுதி எளிமையானது. "பொருள் தொடப்பட்டதா? ஆம் / இல்லை." பக்கத்தில் ஒரு வரிக்கு இடம். எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வரிக்கு இடம் கொடுத்தால் அவன் என்ன பாடு படுவான் என்று படிவம் அச்சடித்தவருக்குத் தெரிந்திருக்காது.

7

தாவி வந்தவர்களே, வருக. இதுதான் அந்த இடம்.

வெளியே போகும்போது ரெண்டடி என்னோடு படிக்கட்டு வரை வந்தார்.

"எனக்குச் சொல்லாதீங்க சார். நீங்க பாத்ததை எங்கிட்ட சொன்னீங்கன்னா, எனக்குத் தெரிஞ்சதை நான் ரிப்போர்ட்ல சேக்கணும். மறைக்க மாட்டேன், அது என் வேலை."

"சரிங்க, சொல்லவில்லை."

"ஆனா எனக்குத் தெரியணும்."

நான் விழித்தேன்.

"அவரு எதையும் சும்மா தொட மாட்டாரு சார். காஞ்சுபோன சுவத்தத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. ஈரம்னு தோணினாத்தான் அந்த விரல் போகும். இது எத்தனை வருஷத்துப் படம்? நூறு தாண்டிருச்சு. அது இன்னும் ஈரமா இருக்குன்னு அவருக்குத் தோணிருந்தா..."

"கிட்டப் போனாரே, அது போதாதா?"

"கிட்ட எல்லாரும்தான் போறாங்க. நீங்ககூடத்தான் போனீங்க." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவர் மூஞ்சிய என்னால பாக்க முடியல சார். பிடிக்கலைன்னு அதுல தெரிஞ்சுருமோன்னு திரும்பிக்கிட்டேன். முந்நூறு பேரைப் பாக்குறவ, ஒருத்தரைப் பாக்க முடியல. நீங்க எழுதுறவரு. கதையா எழுதிருங்க. கதைன்னா நான் ரிப்போர்ட் பண்ண வேண்டியதில்ல."

இப்போது என் நிலைமை புரிகிறதா? தொட்டார் என்றால் ரெண்டடிக்கு அந்த அறை போய்விடும். காலை பத்து மணிச் சிவப்பும் மழை நாள் ஊதாவும் போய், குடைகளையும் முதுகுப் பைகளையும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். தொடவில்லை என்றால் அறை இருக்கும், ஆனால் கணவர் வந்தும் பார்க்காதவராகவே ஆகிவிடுவார். இருதலைக்கொள்ளி எறும்பு என்றால் இதுதான். எறும்பு அவர், கொள்ளி இரண்டும் என் கையில்.

அதோடு, எனக்குத் தெரியும் என்று அவர் நம்பிவிட்டார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

8

ஆகவே முடிவுகளைத் தயாரித்துப் பார்த்தேன்.

முதல் முடிவு: விரல் படவில்லை. ஒரு நூல் இடைவெளியில் நின்றது. நான் "இல்லை" என்று குறிக்கிறேன். ரெண்டடி தன் அறையில் நிற்கிறார். எல்லாரும் நலம். [வாசித்துப் பார்த்தேன். சுவருக்கு வெள்ளை அடித்த மாதிரி இருக்கிறது.]

இரண்டாம் முடிவு: விரல் பட்டது. நான் "ஆம்" என்கிறேன். ரெண்டடி பை கவுன்டரில், கண்ணில் நீரும் முகத்தில் சிரிப்புமாக [இல்லை. மன்னிக்கவும். ஒரு மனுஷியை அவர் அறையிலிருந்து துரத்திவிட்டுச் சிரிக்கவும் சொல்வது அயோக்கியத்தனம்.]

மூன்றாம் முடிவு: படிவத்தில் "இல்லை", கதையில் "ஆம்". சாவிக்கொத்துக்கு ஒன்று, ரெண்டடிக்கு ஒன்று. இதுதான் எனக்குப் பிடித்திருந்தது. புதன்கிழமை முழுக்க இதையே மெருகேற்றினேன். தங்கை படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீ பாத்தியா இல்லையா?"

"பார்த்த மாதிரி இருந்தது."

"மாதிரிக்கெல்லாம் மார்க் கிடையாது. அந்தம்மா உன்கிட்ட கேட்டது நடந்ததை. நீ அவங்களுக்கு இனிக்கிற மாதிரி ஒண்ணைச் செஞ்சு குடுக்குற. அவங்க அதை நம்பி மிச்ச வாழ்க்கையை ஓட்டணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் கூடுதலாகவே வந்தது. மூன்றாம் முடிவைக் கிழித்தேன்.

9

வியாழக்கிழமை நானே காட்சிக்கூடத்துப் படிக்கட்டுக்குப் போனேன். பெயின்டர் ஏணி மேல், கையில் ரோலரோடு நின்றார். இரண்டாவது கோட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. நடந்த பேச்சை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்.

"அண்ணே, நாளைக்குப் படிவம் கொடுக்கணும்."

"தெரியும் சார். நான் தொடலைன்னு சொல்லிட்டேன்ல."

"அவங்களுக்குத் தெரியணுமாம்."

ரோலர் நின்றது. "என்ன தெரியணுமாம்?"

"பிடித்ததா என்று."

அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது காயல சார்."

"எது?"

"அந்தச் சிவப்பு. முன்னாடி, இடது பக்கம், தடிச்சு நிக்குதுல்ல, அது. அது இன்னும் காயல."

"அண்ணே, அது நூறு வருஷத்துக்கு மேலான படம்."

"யாரு சொன்னா? தொட்டுப் பாத்தவங்க யாரு?"

ரோலரைத் தட்டில் புரட்டினார். தொட்டீங்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்தானே என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மறுநாள் அதைப் படிவத்தில் எழுத வேண்டும். ரெண்டடியிடமிருந்து எனக்கும் அந்த நோய் தொற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை "ஆம்", "இல்லை" இரண்டையும் விட்டுவிட்டு, பக்கத்து வரியில் எழுதினேன்: "கை அருகில் சென்றது. என் கண் பாதி மூடியிருந்தது. தொட்டதை நான் பார்க்கவில்லை." ஒவ்வொரு சொல்லும் உண்மை. சாவிக்கொத்து இரண்டு முறை படித்தார், பெருமூச்சு விட்டார், முத்திரை குத்தினார். ரெண்டடிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது, முதுகைத் திருப்பியதற்காக. அறை அவருடையதாகவே இருக்கிறது. கோப்பு மூடப்பட்டுவிட்டது.

வாசகரே, உங்களுக்கான கதை இங்கே முடிகிறது. முடியவில்லை என்று தோன்றினால் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். மீதிச் சில வரிகள் இன்னொருவருக்கு.

அம்மா, நீங்கள் கேட்டபடி கதையாக எழுதிவிட்டேன். தொட்டாரா என்பது இதில் இல்லை. எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி உங்களிடம் நடித்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் கோப்பு மூடிவிட்டது, இனி நீங்கள் எதைத் தெரிந்துகொண்டாலும் யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கதையின் முடிவு என்னிடம் கிடையாது. அது உங்கள் வீட்டில்தான், வேலை முடிந்து வந்து, குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறது. போய்க் கேளுங்கள், இந்த முறை முகத்தைப் பார்த்து.